லண்டனில் ஏ லெவல் படிக்கும் மகனுக்கு மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எப்படித் தயார்ப்படுத்துவது? பயிற்சி வகுப்புக்குக் காசு கட்டலாமா?

“இரண்டு நாள் பயிற்சிக்கு 450 பவுண் கேட்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நாங்களும் கட்டினோம். 2021 டிசம்பரில், என் கணவர் இரண்டு கிழமை இரவு வேலை கூடுதலாகச் செய்த காசு அது. மகளுக்கு அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு சதமும் கட்டாமல் கிடைத்தது. ரியூஷன் நடத்துகிறவர்கள் கோபிக்க வேண்டாம். எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. ஊரில் ஏ லெவல் வரைக்கும் படித்துவிட்டு வந்தவள், இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இரண்டு வருடம் ஒரு பிள்ளையோடு சேர்ந்து இதற்குள் இருந்தவள் என்ற அளவில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில், உங்கள் மகனுக்கு வந்த அழைப்பு எந்த வகை என்று பாருங்கள். ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் டிசம்பரில் ஆசிரியர்களை முன்னால் இருத்தி விஞ்ஞானக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு கிண்டும். மற்ற இடங்களில் பெரும்பாலும் எம்.எம்.ஐ. (மல்டிபிள் மினி இன்டர்வியூ) என்கிற, பல குட்டி நேர்முகங்களாக நடக்கும் முறை. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவானது. முந்தி எல்லாம் ஒரு மேசைக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் இருந்து அரை மணி நேரம் கேட்பார்கள். அவர்களில் ஒருவருக்குப் பிள்ளையைப் பிடிக்காவிட்டால் கதை முடிந்தது. எம்.எம்.ஐ.யில் ஆறு, எட்டு, பத்து என்று தனித்தனி இடங்கள். ஒவ்வொன்றிலும் வேறு ஆள், வேறு கேள்வி, வேறு புள்ளி. ஐந்து முதல் எட்டு நிமிடம், பிறகு மணி அடிக்கும், அடுத்த இடத்துக்கு எழும்பிப் போக வேண்டும். ஓர் இடத்தில் சொதப்பினாலும் அடுத்தவருக்கு அது தெரியாது. இதை மகனுக்கு நன்றாகச் சொல்லுங்கள். என் மகள் முதல் வருடம் இரண்டாவது கேள்வியில் தடுமாறியதை நினைத்து நினைத்து மிச்சம் ஐந்தையும் கெடுத்தாள்.

பிள்ளை ஏன் வெல்லவில்லை என்று எனக்கு நீண்ட நாள் புரியவில்லை. புள்ளி இருந்தது. மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எழுதும் யூகாட் பரீட்சையில் நல்ல மதிப்பெண் இருந்தது. அது இல்லாவிட்டால் நேர்முகத்துக்கே கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பயிற்சி வகுப்பில் தந்த தாள்கள் அறுபது பக்கம். ‘ஏன் மருத்துவம்’, ‘ஏன் தாதி வேலை இல்லை’, ‘குழுவாக வேலை செய்த அனுபவம்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரு அச்சு இருந்தது. அவள் அதைத் தேவாரம் பாடமாக்குவது போலப் பாடமாக்கினாள். குளியலறைக்குள் இருந்தும் சத்தம் கேட்கும். நான் வெளியே நின்று பெருமைப்பட்டேன்.

பல்கலைக்கழக விண்ணப்பம் போடும் யூகாஸில் மருத்துவத்துக்கு நாலு இடம்தான் போடலாம், ஐந்தாவது வேறு படிப்புக்கு, தெரியும்தானே. இரண்டு இடம் கூப்பிடவே இல்லை. மற்ற இரண்டும் கொரோனா காரணமாகக் கணினியிலேயே நடந்தன. மார்ச் மாதம் ஒரு பின்னேரம், அவள் எனக்குப் பயற்றங்காய் முறித்துத் தந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. பார்த்தாள். கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சக் காயையும் முறித்தாள். முழுவதும் முறித்து, நாரெல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டு, கை கழுவிய பிறகுதான் “இல்லையாம் அம்மா” என்றாள்.

ஒரு இடத்தில் மட்டும் பிரிவு பிரிவாகப் புள்ளி அனுப்பினார்கள். வரைபடம் பார்த்துச் சொல்லும் கேள்வியில் நல்ல புள்ளி. நடிகர் ஒருவரோடு கதைக்க வேண்டிய இடத்தில்தான் மிகக் குறைவு. அதில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி போல ஒருவர் நடித்தாராம். ‘அவருடைய பூனையைத் தெரியாமல் காரால் அடித்துவிட்டாய், போய்ச் சொல்’ என்பதுதான் கேள்வி. இவள் வகுப்பில் படித்தபடி மன்னிப்புக் கேட்டு, அனுதாபம் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். அந்த மனுசி அழத் தொடங்கியபோது இவளிடம் சொல்ல வேறு வரி இருக்கவில்லை.

சரி, ஒரு வருடம் நிற்கிறேன் என்றாள். ஐந்தாவதாகப் போட்டிருந்த பயோமெடிக்கல் சயன்ஸுக்குப் போ, பிறகு பார்க்கலாம் என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. ஆகஸ்ட்டில் ஏ லெவல் முடிவு வந்த கையோடு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். யூகாட் மதிப்பெண் அந்தந்த வருடத்துக்குத்தான் செல்லும், அதையும் திரும்ப எழுதினாள்.

அந்த இல்லத்தில் அவள் கற்றதை எந்தத் தாளும் கற்றுக்கொடுக்கவில்லை. விழுங்கக் கஷ்டப்படும் ஒரு தாத்தாவுக்குத் தேத்தண்ணிக்குள் ஒரு பொடி போட்டுக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும். தண்ணியாகக் கொடுத்தால் நெஞ்சுக்குள் போய்விடும். அவருக்கு அது பிடிக்காது, சேறு குடிப்பது போல இருக்கிறது என்று தட்டிவிடுவார். “நல்ல புத்தியோடு இருக்கிற மனுசன் அம்மா, தெரிந்தே வேண்டாம் என்று சொல்கிறார், அப்ப யார் சொல்வது சரி?” என்று வந்து கேட்பாள். நோயாளியின் விருப்பம், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று மருத்துவ ஒழுக்கத்துக்கு நாலு தூண் சொல்கிறார்கள். முதல் வருடம் அவளுக்கு அந்த நாலும் பெயராகத் தெரியும். இரண்டாம் வருடம் அவளுக்கு அந்தத் தாத்தாவின் முகம் தெரியும். உங்கள் மகன் கிழமைக்கு இரண்டு மணி நேரமாவது எங்காவது போய் உதவி செய்கிறானா? செய்தால், அங்கே கண்டதை அன்றன்றைக்கு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நேர்முகத்தில் அதைச் சொல்லும்போது நோயாளியின் பெயர், இடம் ஒன்றும் சொல்லக்கூடாது. இரகசியம் காப்பதையும் பார்ப்பார்கள்.

அப்புறம் வீட்டுப் பயிற்சி. இதற்குக் காசு வேண்டாம் என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘15 வயதுப் பிள்ளை ஒன்று கருத்தடை மாத்திரை கேட்டு வருகிறாள், பெற்றோருக்குச் சொல்ல வேண்டாம் என்கிறாள், என்ன செய்வாய்?’ இது இந்த நாட்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி. 1985இல் கில்லிக் என்ற வழக்கில் வந்த தீர்ப்புத்தான் அடிப்படை. பிள்ளைக்கு விளங்கிக்கொள்ளும் பக்குவம் இருந்தால் பெற்றோருக்குத் தெரியாமலே டொக்டர் மருந்து எழுதலாம். ஆனால் பெற்றோரிடம் சொல்லும்படி பிள்ளையைக் கேட்டுப்பார்க்க வேண்டும், யாராவது அவளை வற்புறுத்துகிறார்களா என்றும் கவனிக்க வேண்டும். இதைச் சாப்பாட்டு மேசையில் அவள் சொல்ல, என் கணவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “அதெப்படி? பெத்த தகப்பனுக்குச் சொல்லாமல் மருந்து குடுப்பாங்களோ?” என்று எழும்பிவிட்டார். உண்மையாகவே கோபம். மகள் தாள் எதையும் தேடவில்லை. “அப்பா, இருங்கோ. உங்களுக்கு என்ன பயம் எண்டு சொல்லுங்கோ” என்று கேட்டாள். இருபது நிமிடம் கதைத்தார்கள். அவர் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் கோபக்கார உறவினர், நான் அழுகிற நோயாளி. தமிழிலேயே செய்தோம். தமிழில் ஒரு மனிதரை ஆறுதல்படுத்தத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் அது வரும்.

அப்படி ஒரு ஞாயிறுதான், நான் புற்றுநோய் என்று கேள்விப்படும் நோயாளியாக நடிக்க, அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். “அம்மா, அம்மம்மாக்கு நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்” என்றாள்.

2016இல் என் அம்மாவுக்குக் குடலில் கட்டி. முடிவு சொல்லக் கூப்பிட்ட நாளில் எனக்கு லீவு தரவில்லை, கணவர் வேலையில். என் பிள்ளைக்கு 12 வயது. அவளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து மறித்து அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், மொழிபெயர்க்க. அதற்கு முதலும் பல தடவை அவள்தான் போயிருக்கிறாள். எங்கள் சனத்தில் எத்தனை வீட்டில் இது நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த அறையில் டொக்டர் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை அம்மம்மாவின் முகத்தைப் பார்த்து, “சின்னக் கட்டியாம், வெட்டினால் சரியாம்” என்று சொல்லியிருக்கிறாள். ஒப்பரேஷனுக்குக் கையெழுத்தும் அதை நம்பித்தான் வைத்தார் அம்மா. ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்து நாலு வருடம் எங்களோடு இருந்தார். ஆனால் இந்தப் பிள்ளை அதை ஆறு வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

பயிற்சி வகுப்பில் இதை ஒருக்கால் தொட்டாளாம். குடும்பக் கதையை எல்லாரும் சொல்வார்கள், விட்டுவிட்டுத் தலைமைத்துவம் காட்டு என்றார்களாம். அதனால் முதல் வருடம் நெட்போல் அணிக் கதைதான் சொன்னாள்.

இரண்டாம் வருடம் ஓர் இடத்தில், ஒரு செய்தியைச் சொல்லக் கஷ்டப்பட்ட சந்தர்ப்பம் எது என்று கேட்டார்கள். இதைச் சொன்னாள். எதிரே இருந்தவர், இன்று அந்த அறையில் நீ டொக்டராக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாராம். “முதலில் பிள்ளையை வெளியே இருத்துவேன். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடும் வரைக்கும் முடிவைச் சொல்ல மாட்டேன். தனக்கு என்ன வருத்தம் என்று தெரியாமல் வைத்த கையெழுத்து சம்மதம் இல்லை” என்றாளாம். மணி அடித்துவிட்டது.

அந்த வருடம் மூன்று இடம் கூப்பிட்டது, இரண்டு இடம் கொடுத்தது. இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள்.

சோகக் கதை சொன்னால் இடம் கிடைக்கும் என்று நான் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கதைக்குப் புள்ளி இல்லை. அதை வைத்துப் பிள்ளை என்ன யோசித்தது என்பதற்குத்தான் புள்ளி. உங்கள் மகனுக்கு இப்படி ஒன்றும் நடக்காமல் இருக்கலாம், நல்லது. கடையில் சனிக்கிழமை வேலை செய்தவன், தம்பியைப் பார்த்துக்கொண்டவன் என்றாலும் அதற்குள் ஏதாவது இருக்கும். அவனிடம் கேளுங்கள், இடையில் புகுந்து திருத்தாமல் கேளுங்கள். இங்கே டொக்டர்மாரைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் ‘குட் மெடிக்கல் பிராக்டிஸ்’ என்ற கையேடு இணையத்தில் இலவசம். 2024 ஜனவரியில் புதிய பதிப்பு நடைமுறைக்கு வந்தது, பழையதைப் படிக்க விடாதீர்கள். செய்திகளையும் பார்க்கட்டும். ‘ஜூனியர் டொக்டர்’ என்ற பெயரையே 2024இல் ‘ரெசிடென்ட் டொக்டர்’ என்று மாற்றிவிட்டார்கள், பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கக்கூடாது. இவ்வளவுக்கும் 450 பவுண் தேவையா?

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இங்கத்தைய அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.இல் காசில்லாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். எனக்கு அது 2016இல் தெரியாது. எவரும் சொல்லவும் இல்லை. பிள்ளை ஆங்கிலம் கதைக்கிறாள் என்றதும் எல்லாருக்கும் வசதியாகிவிட்டது, எனக்கும்தான். இப்போது என் மாமியாரின் குடும்ப வைத்தியரிடம் ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை’ என்று பதிவில் போடச் சொல்லி மூன்று தடவை கடிதம் கொடுத்தேன். மூன்றாவது தடவைதான் போட்டார்கள். வரவேற்பு மேசையில், “பேரப்பிள்ளை யாரும் இல்லையா?” என்று கேட்டார்கள். “இருக்கிறார்கள், அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்” என்று சொன்னேன். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் இந்தக் கிழமையே கேளுங்கள்.

மகனுக்கு நேர்முகம் எந்தத் திகதி என்று நீங்கள் எழுதவில்லை. நேரில் போவதென்றால் முதல் நாளே போய்த் தங்கட்டும், கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். மகள் மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவாள். உங்களுக்குச் சம்மதம் என்றால் தனிச் செய்தி போடுங்கள், அன்றைக்கு மகனை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கோபக்காரத் தகப்பனாக இருக்க என் கணவரும் வீட்டில் நிற்பார்.