வேலை தேடும்போது வழுக்கும் இடங்கள்: டர்பன் அக்காவிடம் கேட்டவை

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பதில் பாதி, வேலையைப் பற்றித்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 26 வருடம் ஆள் எடுக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். முதலில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கம்பெனி, அப்புறம் ஒரு துணித் தொழிற்சாலை. போன மாதம் ஒரு அட்டைப்பெட்டி வைத்து, கேள்விகளை எழுதிப் போடச் சொன்னேன். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்துகூட உறவுக்காரர் மூலம் சீட்டு வந்தது. பெயர் யாருக்கும் போடவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தெருவைச் சொன்னாலே ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

போனிக்ஸ், 24 வயது இளைஞர்: லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது அக்கா. 140 இடத்துக்கு சி.வி. அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்துதான் பதில், இரண்டும் 'வருந்துகிறோம்'. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தம்பி, சீட்டோடு உங்கள் சி.வி.யையும் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். யாரோ ஒரு அம்மா எடுத்து, இந்த எண் வாங்கி நாலு மாதம் ஆகிறது, உங்களைத் தெரியாது என்றார். ப்ரீபெய்டு சிம்மை மாற்றியிருக்கிறீர்கள், சி.வி.யை மாற்றவில்லை. ஆக, இரண்டு பதில்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்தது, 140 இடத்துக்கும் ஒரே சி.வி. 'கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துப்போகிறவன், சவால்களை விரும்புகிறவன்' என்று தொடங்குகிறது. இதை ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். ஒரு தடவைகூட இதற்காக யாரையும் கூப்பிட்டதில்லை. சரக்கு கிளியரிங் வேலைக்கு ஆள் தேடும்போது நான் பார்த்ததெல்லாம் வேறு: சுங்கப் பத்திரம் நிரப்பத் தெரியுமா, எந்த மென்பொருளில் வேலை செய்திருக்கிறார், கார் ஓட்டுகிற கோட் 8 லைசென்ஸ் இருக்கிறதா, இரவு ஷிஃப்டுக்கு வருவாரா. கப்பல் நம் வசதி பார்த்து வராது. நீங்கள் பிராஸ்பெக்டனில் ஒரு கிடங்கில் ஆறு மாதம் பயிற்சியில் இருந்தது மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியாகக் கிடக்கிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வாரம் எத்தனை கண்டெய்னர் பார்த்தீர்கள், குளிரூட்டிய சரக்கா, இருப்புக் கணக்கை யார் எடுத்தது, எல்லாம் எழுதுங்கள்.

இனி ஒவ்வொரு விளம்பரத்தையும் பேனாவோடு படியுங்கள். அவர்கள் கேட்டதை எல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் உங்கள் தாளில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதிகூட இல்லையென்றால் அனுப்பாதீர்கள். வாரத்துக்கு ஐந்து போதும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அடையாள எண்ணையும் வீட்டு முழு முகவரியையும் எடுத்துவிடுங்கள், 'போனிக்ஸ்' என்றாலே போதும். மின்னஞ்சல் முகவரியில் இருக்கிற அந்த 'கிங்' என்ன வேலை செய்கிறது என்று நான் கேட்கவில்லை.

வெருலம், மணமான பெண்: ஒரு புது மாலில் வேலை இருக்கிறது என்று வாட்ஸப்பில் வந்தது. பதிவுக்கு 450 ராண்ட் கட்டச் சொல்கிறார்கள். வேலை கிடைத்ததும் திருப்பித் தருவார்களாம். கட்டலாமா ஆன்டி?

பதில்: வேண்டாம்மா. வேலை தேடுகிறவரிடம் வேலை வாங்கித் தருவதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2014-இன் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் சொல்கிறது. பதிவு, யூனிபார்ம், மருத்துவப் பரிசோதனை என்று பெயரை மாற்றி மாற்றிக் கேட்பார்கள். அசல் கம்பெனி உங்களுக்குக் காசு கொடுக்கும், உங்களிடம் வாங்காது. சந்தேகம் இருந்தால், செய்தியில் வந்த எண்ணை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கிற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். நேர்காணல் பெட்ரோல் பங்கிலோ, யார் வீட்டிலோ என்றால் போகவே போகாதீர்கள். காசு போவது சின்ன விஷயம், ஆளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மிரட்டிப் பறித்த கதைகள் நம் பக்கத்திலேயே உண்டு.

அடையாள அட்டை நகலை ஏற்கெனவே அனுப்பிவிட்டதாகப் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. எஸ்.ஏ.எஃப்.பி.எஸ். என்கிற மோசடித் தடுப்பு அமைப்பில் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம். யாராவது உங்கள் பெயரில் கடன் வாங்கப் பார்த்தால் அதில் உறுப்பினராக இருக்கிற வங்கிகளுக்கு எச்சரிக்கை தெரியும்.

டோங்காட், 38 வயது: மேனேஜர் கூப்பிட்டு, 'நீயாகவே ரிசைன் பண்ணு, நல்ல ரெஃபரன்ஸ் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் விசாரணை' என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது யு.ஐ.எஃப். (வேலையில்லாதோர் காப்பீட்டு நிதி) பணமும் இல்லை என்கிறார்கள்.

பதில்: அண்ணா, அன்றைக்கே யாரையாவது கேட்டிருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது. மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் ஒரு சதவீதம், முதலாளி ஒரு சதவீதம் என்று அந்த நிதிக்குப் போகிறது. வேலையிலிருந்து நீக்கினால், ஆட்குறைப்பு செய்தால், ஒப்பந்தம் முடிந்தால் அதிலிருந்து கேட்கலாம். நாமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் கிடையாது. மேனேஜருக்கு இது தெரியும். நானும் அந்த மேசையில் இருந்தவள்தான், இப்படிச் செய்யச் சொன்ன மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கதை முடிந்துவிடவில்லை. இருக்க முடியாத நிலைக்குத் தள்ளி ரிசைன் பண்ண வைத்தால் அதையும் பணிநீக்கமாகவே சட்டம் பார்க்கும். அதை நிரூபிக்கிற பொறுப்பு உங்கள் தலையில் விழும், அது லேசான வேலையில்லை. தொழிலாளர் தகராறுகளைத் தீர்த்துவைக்கிற சி.சி.எம்.ஏ.வில் மனு கொடுக்க 30 நாள்தான். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. சீட்டில் தேதி போடவில்லை நீங்கள். 30 நாள் தாண்டாமல் இருந்தால் திங்கட்கிழமை காலையிலேயே போங்கள். தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் எழுதி மன்னிக்கக் கேட்கலாம், ஏற்பார்களா என்பது காரணத்தைப் பொறுத்தது. அவர் அனுப்பிய வாட்ஸப் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 31 வயது இருக்கும்போது வேறொரு கம்பெனி இயக்குநர் சாப்பாட்டு மேசையில், 'நீ வந்துவிடு, இடம் உனக்குத்தான்' என்றார். வந்த சந்தோஷத்தில் அடுத்த நாளே நோட்டீஸ் கொடுத்தேன். நாலு வாரம் கழித்துப் போனால், தலைமை அலுவலகம் அந்தப் பணியிடத்தையே நிறுத்திவிட்டதாம். ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். ஊருக்கே சி.வி. திருத்திக் கொடுக்கிறவள்! அன்றிலிருந்து சொல்கிறேன், கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் வரும்வரை பழைய இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். கடிதத்தில் சம்பளம், சேரும் தேதி, தகுதிகாண் காலம் மூன்றும் இருக்க வேண்டும். அப்புறம் நோட்டீஸ்: ஆறு மாதம் வரை வேலை செய்தவருக்கு ஒரு வாரம், ஒரு வருடத்துக்குள் என்றால் இரண்டு வாரம், ஒரு வருடம் ஆனவருக்கு நாலு வாரம். இது சட்டம் சொல்கிற குறைந்தபட்சம். உங்கள் ஒப்பந்தத்தில் கூடுதலாக இருக்கலாம், சேரும் தேதி பேசுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

ஷால்க்ராஸ், ஒரு தாய்: மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த மகன் கூச்ச சுபாவம். அவனுக்குப் பதிலாக நான் கம்பெனிக்கு போன் பண்ணிக் கேட்கலாமா?

பதில்: கூடாது. உங்கள் குரலைக் கேட்ட நிமிடமே அவன் சி.வி. அடிக்குப் போய்விடும். இளைஞர்களுக்கு வேலை காட்டுகிற எஸ்.ஏ.யூத் இணையதளத்தில் அவனையே பதியச் சொல்லுங்கள், டேட்டா செலவாகாது. வாசல்வரை கொண்டுபோய் விடுவது மட்டும் உங்கள் வேலை.

மிட்ராண்ட், கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்: கணவர் வேலை விசாவில் இருக்கிறார், நான் அவரோடு துணையாக வந்தேன். பி.இ. படித்திருக்கிறேன். ஒரு கம்பெனி அடுத்த வாரமே சேரச் சொல்கிறது. விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பதில்: அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த முதலாளி சொன்னாலும் நம்பாதீர்கள். கணவருடைய வேலை விசாவுக்குத் துணையாக வந்தவர் அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பது முதலாளிக்கும் குற்றம். மாட்டினால் நாட்டைவிட்டுப் போகவேண்டியவர் யார் என்று யோசியுங்கள். உங்களுக்கென்று தனி வேலை விசா வேண்டும். ஆள் பற்றாக்குறையான தொழில்களுக்கு அரசு போட்டிருக்கிற அவசியத் திறன் பட்டியலில் உங்கள் தொழில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2024 அக்டோபரிலிருந்து வேலை விசாவுக்குப் புள்ளி முறையும் இருக்கிறது. படிப்பு, அனுபவம், தரப்போகிற சம்பளம் முதலியவற்றுக்குப் புள்ளி, மொத்தம் 100 வேண்டும்.

எப்படியிருந்தாலும் உங்கள் பட்டத்தை, வெளிநாட்டுப் படிப்பைச் சரிபார்க்கிற அமைப்பான சாக்வா மதிப்பிட்டுச் சான்று தரவேண்டும். இதைத்தான் எல்லாரும் கடைசி நேரத்தில் செய்கிறார்கள். வேலை கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலை ஊரில் அம்மா பீரோவில் வைத்துவிட்டு வந்திருந்தால், அதை வரவழைப்பதுதான் முதல் வேலை.

சாட்ஸ்வொர்த், 22 வயது: நேர்காணலுக்கு மூக்குத்தியைக் கழற்றிவிட்டுப் போ என்கிறாள் தோழி. பாட்டி போட்டுவிட்டது.

பதில்: போட்டுக்கொண்டே போம்மா. டர்பனில் ஒரு பெண்கள் பள்ளியில் மூக்குத்தியைக் கழற்றச் சொன்ன விஷயம் அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போய், 2007-இல் மாணவி பக்கம் தீர்ப்பு வந்தது. அது பள்ளி வழக்குத்தான், ஆனாலும் மதமும் பண்பாடும் சார்ந்ததை இந்த நாட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு அது போதும். உணவுத் தொழிற்சாலையின் உற்பத்திப் பகுதி மாதிரி இடங்களில் நகையே கூடாது என்பது வேறு, அங்கே கல்யாண மோதிரத்துக்கும் அதே சட்டம்தான். தைப்பூசக் காவடி நாளில் நேர்காணல் வந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கடிதம் வந்த அன்றே போன் செய்து வேறு நாள் கேளுங்கள். முந்தின நாள் சாயந்திரம் கேட்டால் சாக்கு மாதிரி இருக்கும்.

அம்ஹ்லாங்கா, கணக்குத் துறையில் இருப்பவர்: சம்பளம் 25,000 கேட்டேன், சரியென்றார்கள். முதல் மாதம் கையில் 19,000 சொச்சம்தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: கணக்கர் நீங்களா இதைக் கேட்கிறீர்கள்! அவர்கள் சொன்னது 'காஸ்ட் டு கம்பெனி'. முதலாளி கட்டுகிற சேமநிதிப் பங்கு, மெடிக்கல் எய்ட் எல்லாம் அந்த 25,000-க்குள் அடக்கம், அதற்கு மேல் வரி. யு.ஐ.எஃப். மட்டும் பெரிதாகக் கடிக்காது. 17,712 ராண்டுக்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் மாதம் 177 ராண்ட் 12 சென்ட்தான். நேர்காணலில் சம்பளம் கேட்டால், 'எனக்குக் கைக்கு இவ்வளவு வேண்டும், உங்கள் பேக்கேஜில் என்னென்ன அடங்கும்?' என்று திருப்பிக் கேளுங்கள். பதின்மூன்றாவது மாதச் சம்பளம் உறுதியா, அவர்கள் இஷ்டமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இதோடு ஒன்று. வேலை மாறும்போது ஓய்வு நிதியில் கை வைக்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. 2024 செப்டம்பர் 1-லிருந்து இரண்டு பானை முறை. அன்றிலிருந்து கட்டுகிறதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்குப் போகும், வரி ஆண்டில் ஒரு தடவை எடுக்கலாம். எடுத்தால் சம்பளத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். காவடி விருந்துக்கும் புது டயருக்கும் எடுக்கிற பணமில்லை அது.

மெர்பேங்க், அரசு வேலைக்கு விண்ணப்பித்தவர்: எல்லாச் சான்றிதழுக்கும் போலீஸ் நிலையத்தில் முத்திரை வாங்கி இணைத்தும் தள்ளுபடி.

பதில்: அரசு வேலைக்கான இசட் 83 விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? பாதிப் பேர் அதைத்தான் விடுகிறார்கள். விண்ணப்பிக்கும்போது அந்தப் படிவமும் சி.வி.யும் போதும், முத்திரை போட்ட நகல் நேர்காணலுக்குத் தேர்வானவர்களிடம்தான் கேட்பார்கள்.

பெயர், ஊர் இல்லாத சீட்டு: கடன் பாக்கியால் என் பெயர் கெட்டிருக்கிறது. வேலை கொடுப்பார்களா?

பதில்: பணம் கையாளுகிற, நம்பிக்கை சார்ந்த வேலைக்கு மட்டும்தான் கடன் வரலாற்றைப் பார்க்கலாம், அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும். கிடங்கு வேலைக்குக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். காசாளர் வேலை என்றால் அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த், 47 வயது: துணித் தொழிற்சாலையில் 22 வருடம். ஆட்குறைப்பில் வெளியே வந்துவிட்டேன். சி.வி. எழுதியதே இல்லை. எழுத உட்கார்ந்தால் ஒரே வரிதான் வருகிறது: மெஷினிஸ்ட்.

பதில்: இந்தச் சீட்டைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு சீட்டு பிரிக்கவில்லை. உங்களை மாதிரி எத்தனை பேருக்குக் கடைசி நாளில் நானே கடிதம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பணம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம், ஆக 22 வாரம். நோட்டீஸ் காலமும் மிச்ச விடுமுறையும் தனி. யூனியன் ஒப்பந்தத்தில் கூடுதலாக இருந்தால் அதுதான் கணக்கு. நீங்கள் வேலையை விட்ட விவரம் எழுதித் தருகிற யு.ஐ. 19 படிவத்தை முதலாளியிடமிருந்து வாங்கி யு.ஐ.எஃப்.புக்கு உடனே போங்கள். அங்கே போக வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சம்பளத்தில் பிடித்த காசுதான் அது.

இப்போது அந்த ஒரே வரி. ஓவர்லாக் ஓட்டுவீர்களா, பிளெயின் மெஷினா, பட்டன்ஹோலா? பள்ளிச் சீருடையா, உள்ளாடையா? ஒரு மணி நேர இலக்கு எத்தனை, எத்தனை முடித்தீர்கள்? புதுப் பெண்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? சூப்பர்வைசர் வராத நாளில் லைனை யார் பார்த்தது? ஊசி உடைந்தால் மெக்கானிக் வரும்வரை காத்திருந்தீர்களா, நீங்களே மாற்றினீர்களா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள், ஒரு பக்கம் நிறைந்துவிடும். பிறந்த வருடம் போட வேண்டாம். வயதை வைத்து ஒதுக்குவதைச் சட்டம் தடுக்கிறது என்றாலும், சி.வி. பிரிக்கிற கை மனுஷக் கைதான்.

எழுதியதை அடுத்த சனிக்கிழமை கொண்டுவாருங்கள். டைப் பண்ணித் தர வகுப்பில் பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஐசிபிங்கோ: நேர்காணல் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. போன் பண்ணிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: மாட்டார்கள். ஒரு தடவை பண்ணுங்கள், காலை பத்து மணிக்கு மேல். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.