பழைய பாய்மரப் படகின் எக்ஸாஸ்ட்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

என் படகின் மிக்சிங் எல்போவை (எஞ்சின் புகையும் கடல்நீரும் சேரும் வளைகுழாயை) மாற்றிய படங்களைப் போட்ட நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாக எழுதி மாளாது, அதனால் எல்லாருக்கும் இங்கேயே. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் பல வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். படகுக்குள் இருக்கும் டீசல் எஞ்சினும், கடல்நீரைக் கலந்து புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை.

கேள்வி: அண்ணே, யான்மார் 2ஜிஎம்20 டீசல் எஞ்சின் உள்ள பழைய படகு ஒன்று வாங்கினேன். 2,400 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. கரும்புகை வருகிறது, பின்னால் தண்ணீரும் குறைவாகத்தான் துப்புகிறது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றட்டுமா?

பதில்: இன்ஜெக்டரைத் தொடாதீர்கள் தம்பி. முதலில் எல்போவைப் பாருங்கள். சூடான புகையும் கடல்நீரும் முதன்முதலாகச் சேரும் இடம் அதுதான், கரியும் உப்பும் கலந்து அங்கேதான் கல்லாக இறுகும். என்னுடையதைக் கழற்றியபோது சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம் இருந்தது. உளியால் தட்டினால் அடுக்கடுக்காக உதிர்ந்தது, தார்ச்சாலையைப் பெயர்த்த மாதிரி. புகை வெளியே போக வழியில்லாவிட்டால் எஞ்சினுக்குள் புதுக் காற்று வராது, டீசல் பாதி எரியும், அதுதான் உங்கள் கரும்புகை.

போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாள் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு, பொறுமையாக எடுங்கள். வேகம் காட்டினால் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒடிந்துவிடும், அப்புறம் அரை நாள் வேலை மூன்று நாளாகும். திரும்ப மாட்டும்போது கேஸ்கட் புதிதாக இருக்கட்டும். அப்படியே கடல்நீரை இழுக்கும் ரா வாட்டர் பம்பைத் திறந்து, உள்ளே சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரையும் பாருங்கள். இறக்கை ஒன்று காணாமல் போயிருந்தால் அது எங்கேயோ குழாய்க்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேடி எடுக்காமல் மூடாதீர்கள்.

கேள்வி: எஞ்சின் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகாது. நானும் விடாமல் கிராங்க் செய்வேன், அதாவது ஸ்டார்ட்டரால் சுற்றிக்கொண்டே இருப்பேன். நேற்று 'டக்' என்று நின்றது, இப்போது அசையவே இல்லை.

பதில்: ஸ்டார்ட்டரை இனி தொடவே வேண்டாம். எஞ்சின் சுற்றும்போதெல்லாம் கடல்நீர் பம்பும் சுற்றும். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினில் தண்ணீரைத் தள்ள புகை கிடையாது, அதனால் வாட்டர்லாக் (எக்ஸாஸ்ட் குழாயில் தண்ணீர் சேரும் பெட்டி) நிரம்பி, எல்போ வழியாக ஏறி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. மேலும் முறுக்கினால் கனெக்டிங் ராடு வளையும்.

கடல்நீர் உள்ளே வரும் வால்வை, அதாவது சீகாக்கை, மூடுங்கள். வாட்டர்லாக்கின் அடி பிளக்கைத் திறந்து வடியுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் மாற்றுங்கள். ஓட்டிப் பார்த்து மறுபடி மாற்றுங்கள், நிறம் தெளியும்வரை. இதை இன்றைக்கே செய்யுங்கள். உப்புத்தண்ணீர் ஒரு வாரம் உள்ளே நின்றால் பிஸ்டன் ரிங்குகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

எல்லாருக்கும் சொல்கிறேன்: இரண்டு மூன்று முயற்சியில் பிடிக்காவிட்டால் சீகாக்கை மூடிவிட்டுக் கிராங்க் செய்யுங்கள், பிடித்த அடுத்த நொடி திறந்துவிடுங்கள். நண்பர் ஒருவருடைய படகில் இதை மறந்து ஒரு நல்ல எஞ்சினை நானே கெடுத்திருக்கிறேன். இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கேள்வி: வெள்ளைப் புகை வருகிறது, சாதாரணம்தானே?

பதில்: குளிர்நாட்டில் நீராவி சாதாரணம். நம் ஊர் 30 டிகிரியில் ஆவி தெரிகிறது என்றால் தண்ணீர் போதவில்லை. வடிகட்டி, இம்பெல்லர், கடல்நீர் உள்ளே வரும் துளை, எல்லாம் பாருங்கள். ஒரு மாதம் நிறுத்தி வைத்த படகில் அந்தத் துளைக்குள் சிப்பி வளர்ந்திருக்கும். கலையாமல் நின்று டீசல் வாடை அடித்தால் அது ஆவியில்லை, எரியாத டீசல்.

கேள்வி: கேபினில் லேசாகப் புகை வாடை. பிள்ளைகள் உள்ளே தூங்குவார்கள்.

பதில்: சரிசெய்யும்வரை எஞ்சின் ஓடும்போது பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள் அக்கா. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வாடை வருகிறதென்றால் அதுவும் கூடவே வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்போ சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிகிறதா, ஹோஸை அமுக்கினால் பொதபொதவென்று இருக்கிறதா பாருங்கள். அலாரம் ஒன்று இன்றே வாங்குங்கள்.

கேள்வி: கசியும் இடத்தில் எக்ஸாஸ்ட் பேஸ்ட் பூசினால் போதுமா?

பதில்: போதாது.

கேள்வி: ஜாலான் புசார் கடையில் கார் ரேடியேட்டர் ஹோஸ் மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: கிடைக்கட்டும். எக்ஸாஸ்டுக்கு என்றே செய்த, கம்பி வைத்த ஹோஸ்தான் வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப்.

கேள்வி: எல்போவை ஏன் மறுபடி வார்ப்பிரும்பிலேயே போட்டீர்கள்? என் ஸ்டெயின்லெஸ் ஒன்பது வருடமாக ஓடுகிறது.

பதில்: நல்ல வெல்டராக இருந்தால் ஓடும். ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பாதுகாப்பே அதன் மேல் இருக்கும் மெல்லிய படலம்தான், அது நிலைக்க ஆக்ஸிஜன் வேண்டும். கரிக்கு அடியில் உப்புநீர் தேங்கினால் வெல்டிங் ஓரத்தில் ஊசித்துளை விழும். வார்ப்பிரும்பு அடைத்துக்கொண்டு வருவது புகையில் தெரியும். ஸ்டெயின்லெஸ் சொல்லாமல் கொள்ளாமல் ஆல்டர்னேட்டர் மேல் ஒழுகும்.

அவரே மறுபடி: வார்ப்பிரும்பு மட்டும் சொல்லிவிட்டா போகிறது? புகையையும் தண்ணீரையும் பிரிக்கும் உள்சுவர் அரித்துப்போனால் வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீர் நேரே எஞ்சினுக்குள் போகும்.

பதில்: உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். வெளிச்சுவர் திடமாக இருக்கும்போதே உள்சுவர் அரித்திருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். புகையை நம்பலாம் என்று நான் சொன்னது பாதிதான் சரி.

இன்னொருவர்: ஆசிட்டில் ஊறவைத்தால் புதிதாகிவிடும், எதற்கு இந்தச் சண்டை?

பதில்: ஆசிட் துருவையும் உப்பையும் கரைக்கும், கரியைத் தொடாது, ஏற்கெனவே மெலிந்த சுவரை இன்னும் மெலிதாக்கும். கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கூரான ஸ்க்ரூடிரைவரால் உள்சுவரை அழுத்திக் குத்திப் பாருங்கள். அமுங்கினால் தூக்கிப் போடுங்கள். எந்த உலோகமானாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கண்ணால் பார்ப்பவர் படகுதான் தப்பிக்கும். இதில் ஒன்பது வருடக்காரரும் நானும் ஒரே பக்கம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வெள்ளைப் புகை...

பதில்: மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

கேள்வி: படகுக்கு வெளியே மாட்டும் அவுட்போர்ட் மோட்டார்?

பதில்: என் வேலையில்லை. அதற்கென்று இருக்கும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி: போன மாதம் நிறுத்தும்போது நன்றாக இருந்தது, வந்து பார்த்தால் சிலிண்டருக்குள் தண்ணீர். நான் கிராங்க் செய்யவே இல்லை.

பதில்: ஆண்டி-சைஃபன் வால்வு. எல்போவில் தண்ணீர் சேரும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், எஞ்சின் நின்றபிறகும் கடல் தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். அதை முறிக்கத்தான் கடல்நீர்க் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றி வளைத்து, அந்த வளைவின் உச்சியில் இந்தச் சின்ன வால்வை வைக்கிறார்கள். உப்பு படிந்து அது ஒட்டிக்கொண்டால் ஒரே ராத்திரியில் வாட்டர்லாக் நிரம்பும். கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள்: ஒரு பக்கம் காற்று போகவேண்டும், மறுபக்கம் போகக்கூடாது. வளைவு படகின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஓரத்தில் வைத்தால் படகு சாயும்போது அது நீர்மட்டத்துக்கு இறங்கிவிடும். படகைவிட்டு இறங்கும்போது சீகாக்கை மூடி, சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டுப் போங்கள். சாவியை எடுக்கும்போதே திறக்க ஞாபகம் வரும், மூட மறக்கவும் மாட்டீர்கள்.

முதலில் கேட்ட தம்பி: அண்ணே, எல்போவைக் கழற்றிவிட்டேன். பேனா நுழையும் அளவுதான் ஓட்டை. ஒரு ஸ்டட் ஒடிந்துவிட்டது.

பதில்: மிச்சம் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? படம் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை டிரில்லைத் தொடாதீர்கள்.