முதலுதவிப் பெட்டி: ரெடிமேடாக வாங்கலாமா?

கேள்வி: சமீபத்தில் கார் வாங்கினோம். ஷோரூமில் சின்னதாக ஒரு முதலுதவிப் பெட்டி கொடுத்தார்கள். அது போதாதென்று, ஆன்லைனில் ‘150 பொருட்கள்’ என்று விற்கும் பெட்டியை வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று வாங்க நினைக்கிறோம். வீட்டில் 4 வயதுப் பெண் குழந்தையும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியாரும் இருக்கிறார்கள்.
– வாசகி, ஈரோடு

பதில்: வாங்க வேண்டாம். அந்த 150-ஐ எப்படி எண்ணியிருக்கிறார்கள் என்று பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பிளாஸ்டரும் ஒரு பொருள், ஒவ்வொரு ஊக்கும் ஒரு பொருள். ரத்தம் கொட்டும்போது தேவைப்படும் பெரிய காஸும் (காயத்தின் மேல் வைக்கும் வலைத்துணி) அகலமான ரோலர் பேண்டேஜும் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதே பணத்துக்கு மருந்துக் கடையில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் பார்த்து வாங்கலாம். டப்பா எதுவானாலும் சரி, மூடி இறுக்கமாக இருந்தால் போதும்.

இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருக்கவும் கூடாது. கோடை வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிவிடும். மாத்திரை அட்டையில் 25 அல்லது 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அதனால் மாத்திரை, சிரப், ஆயின்ட்மென்ட் எல்லாம் வீட்டோடு இருக்கட்டும். பயணம் போகும்போது கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். மாமியாரின் இன்சுலினை நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள்.

காருக்கு வேண்டியது கட்டுப் போடும் சாமான்தான்: உறை பிரிக்காத ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) காஸ் தாராளமாக, 10 செ.மீ. ரோலர் பேண்டேஜ் நான்கு, ஒரு கிரேப் பேண்டேஜ் (இழுபடும் கட்டுத்துணி), மைக்ரோபோர் (ஒட்டும் காகித டேப்), கையுறை, முனை மழுங்கிய கத்தரி, டார்ச். துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துண்டு ஒன்றையும் வையுங்கள், அடிபட்ட கையைத் தூளி கட்டித் தாங்க உதவும். ரத்தம் நிற்காவிட்டால் காஸை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்காமல், நனைந்த காஸின் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். நிறைய காஸ் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். பெட்டி டிக்கியில் வேண்டாம், பின்னாலிருந்து வண்டி மோதினால் டிக்கி திறக்காமல் போகலாம். முன் சீட்டுக்கு அடியில் வையுங்கள். வெயிலில் பிளாஸ்டரின் பசை போய்விடும், ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள்.

குளுக்கோஸ் பொடி மட்டும் இரண்டு இடத்திலும் கட்டாயம். மாமியாருக்குச் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் கலக்கிக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுப் பெட்டியில் நான் அதிகம் கவலைப்படுவது குழந்தையின் பாராசிட்டமால் சிரப் பற்றித்தான். ஒரே பெயரில், 5 மி.லி.க்கு 120 மி.கி., 250 மி.கி. என்று வெவ்வேறு வீரியத்தில் விற்கிறார்கள். போன முறை வாங்கிய நினைவில் அதே அளவு ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். மருத்துவரிடம் குழந்தையின் எடைக்கு எத்தனை மி.லி. என்று கேட்டு எழுதி, பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். பெட்டி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டர், போவிடோன் அயோடின் (காயத்துக்கான கிருமிநாசினி), காஸ், பிளாஸ்டர் போதும். பஞ்சைக் காயத்தில் நேரடியாக வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். சூடு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பற்பசை, இங்க் எதுவும் கூடாது.

வாங்கும்போது காலாவதித் தேதியையும் உறை கிழியாமல் இருப்பதையும் பாருங்கள், பில்லைக் கேட்டு வாங்குங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விலை கேட்டாலோ, காலாவதியான பொருளைத் திரும்ப எடுக்க மறுத்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

கேள்வி: பெட்டியில் வைக்க ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கின்போது குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) கேட்டால் பழச்சுவை பானத்தை நீட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பார்முலா என்று அச்சிட்ட பொடி பாக்கெட்டைக் கேளுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் 20.5 கிராம் இருக்கும், அதில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். இனிப்பு மிகுந்த பானம் வயிற்றுப்போக்கைக் கூட்டிவிடும். இந்தப் பார்முலா இல்லாத பானங்களின் பெயரில் ‘ஓஆர்எஸ்’ வரக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பாக்கெட் 200 மி.லி.க்கா, ஒரு லிட்டருக்கா என்று படித்து, முழுவதையும் அந்த அளவுத் தண்ணீரில் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.