பெருந்தொற்றுக் காலம் மருத்துவ மாணவர்களின் கல்வியையும் மனநலத்தையும் எவ்வாறு பாதிக்கிறது?

ஒரு நோய் நாடுகளின் எல்லைகளைக் கடந்து உலகின் பல பகுதிகளிலும் ஒரே காலத்தில் பரவுவதையே பெருந்தொற்று என்கிறோம். 2020 மார்ச் மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, வன்னிப் பகுதியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களைச் சேர்ந்த மருத்துவ மாணவர்களும் விடுதிகளை விட்டு வீடு திரும்ப நேர்ந்தது.

விரிவுரையை இணையவழியில் கேட்கலாம்; நோயாளியின் வயிற்றைத் தொட்டு ஈரல் வீங்கியிருக்கிறதா என்று உணர்வதை அவ்வாறு கற்க இயலாது. நெல்மணியை விரலால் நசுக்கி, அது பால் பருவத்தில் உள்ளதா முற்றிவிட்டதா என்று அறியும் வன்னி விவசாயியின் கைப்பழக்கம் படம் பார்த்து வருவதில்லை அல்லவா, அதுபோலத்தான். இதனுடன், காட்டோரக் கிராமங்களில் அலைபேசிச் சமிக்ஞை விட்டுவிட்டு வருவதும், தரவுக்குப் பணம் தேடுவதும் சேர்ந்துகொள்ளும்.

மனநலப் பாதிப்பை நான் இதைவிடப் பாரதூரமானதாகக் கருதுகிறேன். பரீட்சை எப்போது நடக்கும் என்று தெரியாத நிலை, நண்பர்களைப் பிரிந்த தனிமை, தொற்றை வீட்டு முதியவர்களுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்ற அச்சம், ஊரார் மருத்துவ ஆலோசனை கேட்கையில் உதவ முடியாத குற்றவுணர்வு ஆகியன உறக்கத்தையும் கவனத்தையும் குலைக்கும். போரையும் இடப்பெயர்வையும் கண்ட குடும்பங்களில் ஊரடங்கு பழைய பயங்களையும் கிளறிவிடக்கூடும்.

அக்காலத்தில் கற்றவர்கள் அரைகுறை மருத்துவர்கள் என்று சிலர் எண்ணுவது தவறு; இலங்கையில் பட்டம் பெற்றவர்கள் மேற்பார்வையின் கீழ் ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடித்த பின்னரே மருத்துவராக முழுமையான பதிவைப் பெறுகின்றனர்.