கம்பஸ்ல எக்ஸ்ட்ரா டைம் எடுக்க புரோக்கருக்கு 40,000 குடுக்கலாமா?

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். சுருக்கமா இதுதான்: மகளுக்கு சின்ன வயசுல இருந்தே பார்வை குறைவு, ஏ.எல் தமிழ் மீடியம் ஆர்ட்ஸ் செய்து கொழும்புல ஒரு கம்பஸ் கிடைச்சிருக்கு. ஏ.எல்லுக்கு பரீட்சைத் திணைக்களம் பெரிய எழுத்துப் பேப்பரும் கூடுதல் நேரமும் குடுத்தது. கம்பஸ்ல போய்க் கேட்டா "பாப்பம், பாப்பம்" எண்டுறாங்கள், முதல் செமஸ்டர் எக்ஸாமுக்கு ஆறு கிழமைதான் கிடக்கு. இதுக்குள்ள வெள்ளவத்தையில ஒராள் "மெடிக்கல் போர்ட் லெட்டரும் கம்பஸ் அப்ரூவலும் நான் எடுத்துத் தாறன், 40,000 ஆகும்" எண்டு சொல்றாராம். குடுக்கலாமா?

அண்ணா, குடுக்காதேங்கோ. அஞ்சு சதமும் குடுக்காதேங்கோ.

உங்கட பிரச்சினைக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு பேப்பர், ஒண்டு கண் டொக்டரிட்ட லெட்டர், மற்றது மகள் எழுதுற கடிதம். ரெண்டுக்கும் கட்டணம் இல்லை. அந்த ஆள் விக்கிறது "மெடிக்கல் போர்ட்" எண்ட சொல்லை மட்டும்தான், கேக்க பெரிசா இருக்கும், தாய் தகப்பன் பயந்துடுவினம். வேலை செய்யிறாக்களை இளைப்பாற்றுறது, மருத்துவ லீவு மாதிரி விஷயத்துக்குத்தான் பெரும்பாலும் போர்ட் எண்டு கூடுறது, உங்கட பிள்ளை நல்ல இஸட் ஸ்கோர் எடுத்து உள்ள வந்தவ, அவவை ஒராளும் போர்ட்டுக்கு முன்னால நிப்பாட்டத் தேவையில்லை. கம்பஸ் தன்ர சொந்த மெடிக்கல் ஒஃபிசரை ஒருக்கா பாக்கச் சொல்லலாம், அதுவும் கம்பஸுக்குள்ளயே இலவசமா நடக்கிற விஷயம். "உள்ள ஆள் இருக்கு" எண்டு அந்த மனுஷன் சொன்னா இன்னும் பயப்பிடுங்கோ, ஏனெண்டா அப்ப நீங்கள் குடுக்கிற காசுக்குப் பேர் லஞ்சம், இந்த நாட்டுச் சட்டத்துல வாங்கிறவன் மட்டுமில்லை குடுக்கிறவனும் குற்றவாளி. உங்கட மகளின்ர நியாயமான கேள்விக்கு மேல ஒரு கள்ள லெட்டரின்ர நிழல் விழுந்தா நாலு வருஷமும் அது பின்னால வரும்.

இந்தக் கூட்டம் இன்னொரு வியாபாரமும் செய்யுது, அதையும் சொல்லிடுறன். கண் தெரியாத, குறைஞ்ச பிள்ளையளுக்கு கம்ப்யூட்டர்ல வாசிச்சுக் காட்டுற சொஃப்ட்வெயர் எண்டு சீடியில போட்டு விக்கிறது. என்விடிஏ எண்ட ஸ்க்ரீன் ரீடர் இலவசம், டவுன்லோட் பண்ணலாம், தமிழும் வாசிக்கும். அண்ட்ராய்ட் ஃபோன்ல இதே மாதிரி வாசிச்சுக் காட்டுற டோக்பேக் பெரும்பாலும் ஏற்கனவே உள்ளுக்க கிடக்கும், செட்டிங்ஸுக்குப் போய் ஒன் பண்ணினா சரி. அடுத்தது "ஸ்பெஷல் இன்டேக்ல மாத்தித் தாறன்" எண்டுறது. விசேட ஏற்பாட்டு அனுமதி எண்டு யு.ஜி.சி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஹேண்ட்புக்ல இருக்கிறது உண்மைதான், ஆனா அது அப்ளிகேஷன் போடுற காலத்துல கேக்கிற விஷயம். உள்ள வந்த பிறகு அதை ஒராள் யு.ஜி.சி இருக்கிற வோர்ட் பிளேஸுக்குப் போய் வாங்கிக்கொண்டு வாறன் எண்டா அது பச்சைப் பொய்.

சரி, லெட்டருக்கு வாறன். அவ கிளினிக் போற அரசாங்க ஆஸ்பத்திரி, கொழும்பு கண் ஆஸ்பத்திரியா இருந்தா அங்கயே, கன்சல்டன்டிட்ட கேளுங்கோ. அவை வழமையா வருத்தத்தின்ர பேரும் 6/60 எண்ட மாதிரி ஒரு கணக்கும் எழுதிக் குடுப்பினம். எக்ஸாம் பிராஞ்சில இருக்கிற கிளார்க்குக்கு 6/60 எண்டா என்னெண்டு எப்பிடித் தெரியும்? மற்றவை 60 மீட்டர் தூரத்துல நிண்டு காண்கிறதை இந்தப் பிள்ளை 6 மீட்டர்ல வந்துதான் காணும் எண்ட அர்த்தம். அதால டொக்டரிட்ட தயவா சொல்லுங்கோ, வருத்தத்தின்ர பேரோட நிப்பாட்டாம "இவவுக்கு எழுத்து இவ்வளவு பெரிசா வேணும், இவ்வளவு நேரம் கூட வேணும், கண் களைக்கும் எண்டபடியா இடையில ஓய்வு வேணும்" எண்டு எழுதித் தரச்சொல்லி. இந்த நாலு வரி இல்லாத லெட்டர் ஃபைலுக்குள்ள போய் நித்திரை கொள்ளும்.

அடுத்தது கடிதம். இது நீங்கள் எழுதுறது இல்லை, மகள் எழுதி மகள் கையெழுத்து வைக்கிறது, அவவுக்கு பதினெட்டு தாண்டிட்டுது. நீங்கள் கூடப் போகலாம், ஆனா கதைக்கிறது அவவா இருக்கட்டும். டீனுக்கு எழுதி, பக்கல்டி எஸ்.ஏ.ஆருக்கும் (சிரேஷ்ட உதவிப் பதிவாளர்) எக்ஸாம் பிராஞ்சுக்கும் ஸ்டூடண்ட் கவுன்சிலருக்கும் கொப்பி போடுங்கோ. ஏ.எல்லுக்கு திணைக்களம் குடுத்த அனுமதிக் கடிதத்தின்ர கொப்பியையும் சேருங்கோ. கனபேர் நினைக்கிறது ஏ.எல்லுக்குக் கிடைச்சது தானா கம்பஸுக்கும் வரும் எண்டு, வராது, அது திணைக்களம், இது வேற நிறுவனம், ரெண்டும் ஒண்டோட ஒண்டு கதைக்கிறேல்லை. தமிழ்ல எழுதினாலும் எடுக்கத்தான் வேணும், ஆனா ஆறு கிழமைதான் இருக்கிறபடியா இங்கிலீஷ்லயும் ஒண்டு வச்சுக் குடுங்கோ, மொழிபெயர்ப்புக்கு அனுப்பிட்டம் எண்டு மூண்டு கிழமையைத் திண்டுடுவினம்.

என்ன கேக்கிறது எண்டதுல பொதுவா "உதவி செய்யவும்" எண்டு எழுதாதேங்கோ. மூண்டு மணித்தியாலப் பேப்பருக்கு எத்தனை நிமிஷம் கூட வேணும், எழுத்து எத்தனை பொயிண்ட் அளவு, லைட் எந்தப் பக்கம், தனி ரூமா இல்லையா எண்டு நேரா எழுதோணும். இதுல ஒரு பொறி இருக்கு. "பெரிய எழுத்து" எண்டு கேட்டா அவை சாதாரண பேப்பரை ஃபோட்டோக் கொப்பி மெஷின்ல வச்சு ஏ3க்குப் பெருப்பிச்சுக் குடுப்பினம், எழுத்து மங்கிப்போய் தமிழ்ல புள்ளியும் கொம்பும் கரைஞ்சு கிடக்கும், மேசையில தாளை விரிக்கவும் இடம் காணாது. அதால "கம்ப்யூட்டர்லயே எழுத்தைப் பெருப்பிச்சு ஏ4ல பிரிண்ட் பண்ணித் தரவும்" எண்டு சொல்லுக்குச் சொல் எழுதுங்கோ. தமிழ் மீடியம் பேப்பர் கனக்க இடத்துல கடைசி நேரத்துலதான் மொழிபெயர்த்து முடியும், பிறகு "பெருப்பிக்க டைம் இல்லை" எண்டு வரும், இதையும் முன்கூட்டியே ஞாபகப்படுத்துங்கோ.

நோட்ஸ் விஷயமும் கிட்டத்தட்ட இதேதான். எங்கட லெக்சரர்மார் கனபேர் இன்னும் பாமினி எழுத்துருவில டைப் பண்றவை. கண்ணுக்கு அது தமிழ், கம்ப்யூட்டருக்கு அது இங்கிலீஷ் எழுத்துக் குப்பை, ஸ்க்ரீன் ரீடர் அதை வாசிச்சா பிள்ளைக்கு விசர் பிடிக்கும். கம்ப்யூட்டர் தமிழாவே வாசிக்கிற யுனிகோட்ல தாங்கோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டி பாமினியை யுனிகோடுக்கு மாத்துற இலவச கன்வேர்ட்டர் இணையத்துல கிடக்கு. வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்துப் போடுற நோட்ஸையும் ஸ்க்ரீன் ரீடர் நேரா வாசிக்காது, அதை கூகுள் ட்ரைவ்ல ஏத்தி டொக்ஸா திறந்தா ஓரளவுக்கு எழுத்தா மாறும்.

இனி கம்பஸ் என்ன சொல்லும் எண்டு பாப்பம். "செனட் அனுமதிக்கோணும்" எண்டு சொல்லுவினம். அது உண்மை, படிப்பு, எக்ஸாம் விஷயத்துல செனட்தான் பெரிய சபை, பக்கல்டி போர்ட்டுக்குப் போய் அங்க இருந்து செனட்டுக்குப் போகோணும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் காத்திருந்தா எக்ஸாம் முடிஞ்சுடும். அப்ப நீங்கள் சொல்ல வேண்டிய சொல் "கவரிங் அப்ரூவல்". டீனோ விசியோ (துணைவேந்தர்) இப்ப அனுமதி தாறது, செனட் பிறகு அதை ஏற்றுக்கொள்றது. கம்பஸ் தன்ர வேலைக்கு, தன்ர டூருக்கு, தன்ர கட்டிடத்துக்கு இதை அடிக்கடி எடுக்குது, ஒரு பிள்ளையின்ர எக்ஸாமுக்கு எடுக்கச் சொன்னா மட்டும் அதிசயமாப் பாப்பினம். ஈக்விட்டி, இன்க்ளூஷன் எண்டு அழகான பொலிசி வெப்சைட்ல கிடக்கும், டிசம்பர் 3ஆம் திகதி மாற்றுத்திறனாளிகள் தினத்துக்குக் குத்துவிளக்கு ஏத்தி பனர் கட்டி கேக்கும் வெட்டுவினம், யு.ஜி.சி ரிவியூ வருது எண்டா அந்த ஃபைலுக்குத் தூசியும் தட்டுவினம். பேப்பரை 20 பொயிண்ட்ல அடிச்சுத் தா எண்டா ஆள் இல்லை.

"மற்றப் பிள்ளையளுக்கு அநியாயம்" எண்டு ஆரும் சொன்னா அரசியலமைப்பின்ர 12ஆம் உறுப்புரையைக் காட்டுங்கோ. எல்லாரும் சமம் எண்டு சொல்ற அதே உறுப்புரையின்ர 4ஆவது பிரிவு, பெண்கள், சிறுவர்கள், இயலாமை உள்ளவர்களுக்காக விசேட ஏற்பாடு செய்யிறதை இந்தச் சமத்துவம் தடுக்காது எண்டு சொல்லுது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் அனுமதியையும் கட்டிடத்தையும் பற்றித்தான் கூடக் கதைக்குது, எக்ஸாம் நேரத்துக்கு அதை மட்டும் நம்பாதேங்கோ. 2016ல இலங்கை ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின்ர உரிமை பற்றின ஐ.நா. சமவாயத்தின்ர 24ஆம் உறுப்புரையில பல்கலைக்கழகப் படிப்புக்கும் நியாயமான இசைவாக்கம், அதாவது அவையின்ர தேவைக்கு ஏத்த மாற்றம், குடுக்கோணும் எண்டு இருக்கு, அதையும் கடிதத்துல ஒரு வரி போட்டு விடுங்கோ.

இப்ப முக்கியமான இடம், கவனமா வாசியுங்கோ. "பாப்பம்" எண்ட பதிலுக்குத் திகதி இல்லை. உச்ச நீதிமன்றத்துல அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாசம்தான் அவகாசம், அந்த மாசம் எப்ப தொடங்கினது எண்டு காட்ட உங்களிட்ட ஒரு பேப்பர் வேணும். அதுக்குத்தான் ரெஜிஸ்டர்ட் போஸ்ட்ல அனுப்பி ரிசீட்டை வச்சிருங்கோ, அல்லது கையில குடுத்து கொப்பியில திகதி சீல் வாங்குங்கோ, "இந்தத் திகதிக்குள்ள பதில் தரவும்" எண்டும் எழுதுங்கோ. இந்த ஒரு மாசத்துக்கு ஒரு விலக்கு இருக்கு. அந்த மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்தா, 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின்ர 13ஆம் பிரிவின்படி, அங்க விசாரணை நிலுவையில இருக்கிற காலம் அந்த ஒரு மாசக் கணக்குல சேராது. இதைத்தான் கனபேர் பிழையா விளங்கி மோசம் போறது. முறைப்பாடு குடுத்து ரிசீட் வாங்கிட்டா மணிக்கூடு நிண்டுட்டுது எண்டு நினைச்சு வீட்ட இருப்பினம். அப்பிடி இல்லை. சட்டம் சொல்றது முறைப்பாடு கிடக்கிற காலத்தை இல்லை, விசாரணை நடக்கிற காலத்தை. விசாரணை உண்மையிலேயே நடந்தது எண்டதைக் காட்டு எண்டு உச்ச நீதிமன்றம் கேட்டு, காட்ட ஏலாத வழக்குகளைத் தள்ளியும் இருக்கு. ஆகவே டூப்ளிகேஷன் ரோட்ல இருக்கிற ஆணைக்குழுவுக்குப் போனா முறைப்பாட்டு இலக்கத்தோட விடாம, கம்பஸிட்ட விளக்கம் கேட்டு அனுப்பின கடிதத்தின்ர கொப்பி, விசாரணைக்குக் கூப்பிட்ட கடிதம், எல்லாத்தையும் கேட்டு வாங்குங்கோ. ஒரு மாசம் முடிய முன்னம் புதுக்கடையில சட்ட உதவி ஆணைக்குழுவுலயும் ஒருக்கா காட்டுங்கோ.

பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. திகதி போட்ட கடிதமும் கூடவே ஒரு ஆர்.டி.ஐ (தகவல் அறியும் உரிமை) விண்ணப்பமும் போனாலே கதை மாறும். "போன வருஷம் எத்தனை பேருக்குக் கூடுதல் நேரம் குடுத்தீங்கள், எந்த பைலோவின் (துணைவிதி) கீழ?" எண்டு மட்டும் கேளுங்கோ, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும், உங்கட ஆறு கிழமைக்குள்ள அது வரும். புரோக்கர் 40,000க்கும் செய்து தராத வேலை இது.

பட்டச் சேர்டிபிகேட்ல இதெல்லாம் விழுமோ எண்டும் கேட்டிருந்தீங்கள். கூடுதல் நேரம் எடுத்தது எண்டு அதுல போடுறேல்லை.

ஒண்டு மட்டும் இண்டைக்கே செய்யுங்கோ. அந்த வெள்ளவத்தை மனுஷனிட்ட மகளின்ர ஒரிஜினல் கிளினிக் புத்தகமோ டயக்னோசிஸ் கார்டோ குடுத்து வச்சிருந்தா முதல் அதைத் திருப்பி வாங்குங்கோ. அட்வான்ஸ் குடுத்திருந்தா அந்தக் காசைப் பற்றி பிறகு கதைப்பம், டொக்டர் லெட்டர் எழுத கிளினிக் புத்தகம் கையில இருக்கோணும்.