வாசகர் கேள்வி பதில்: முதலில் தொலைநோக்கியா, சங்கமா?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து வானியல் சங்கம் தொடங்கி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்ட ஆசைப்படுகிறோம். கொஞ்சம் நன்கொடையும் சேர்ந்திருக்கிறது. முதலில் தொலைநோக்கி வாங்கவா, சங்கத்தைப் பதிவு செய்யவா?
(ஒரு கல்லூரி மாணவர், உசிலம்பட்டி)

பதில்: இரண்டுக்கும் முன்னால் ஒரு நாளைக் குறியுங்கள் தம்பி. மாதாமாதம் வளர்பிறை அஷ்டமியை ஒட்டி, அதே பள்ளி மைதானம், அதே நேரம், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பௌர்ணமிதான் நிலா பார்க்கத் தோதான நாள் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அன்று வெயில் நேராக விழுவதால் நிலாவின் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, வெறும் வெள்ளைத் தட்டாகக் கண் கூசும். பாதி நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டைப் பாருங்கள், ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் தனியாக எழுந்து நிற்கும். விண்மீன்கள் பார்க்க வேண்டுமென்றால் அமாவாசைப் பக்கம் இன்னொரு இரவு. அதற்குக் கருவியே வேண்டாம். வடக்கே பார்த்துக் கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வையுங்கள், மதுரைப் பக்கம் துருவ நட்சத்திரம் ஏறக்குறைய முஷ்டியின் மேல் விளிம்பில் இருக்கும், ஏனென்றால் நாம் இருப்பது சுமார் 10 டிகிரி வடக்கில். பிறந்த நட்சத்திரம் கார்த்திகை, ரோகிணி என்று தெரிந்தவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு, அதை வானத்தில் பார்த்தவர்கள்தான் குறைவு. ஊர்ப் பெரியவர்களையும் கூப்பிடுங்கள், கார்த்திகைக் கூட்டமான ஆறாமீனை உங்களுக்கு முன்னால் அவர்கள் கைகாட்டிவிடுவார்கள்.

தொலைநோக்கி வாங்கும்போது '500 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்ற விளம்பரத்தை நம்பவே நம்பாதீர்கள். முகப்பின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப் போல் இரண்டு மடங்குதான் உருப்படியான உருப்பெருக்கம், 60 மி.மீ. என்றால் 120 மடங்கு, அதற்கு மேல் மங்கல்தான். ஒல்லிக்கால் முக்காலி பள்ளிக்கூடத்துக்கு ஆகாது, ஒரு பிள்ளை எக்கிப் பிடித்துத் தொங்கினால் சனி போயே போய்விடும். தரையில் உட்காரும் டாப்சோனியன் வகைதான் தாங்கும். இன்னொன்று, பூமி சுற்றுவதால் 100 மடங்கில் எந்தக் கோளும் சுமார் 2 நிமிடத்தில் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். பின்னால் வரும் பிள்ளை இருட்டைப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு "தெரியுது சார்" என்று சொல்லிப் போய்விடும், அதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம். குழாயைத் தள்ளிக்கொடுக்க எப்போதும் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், என்ன தெரிந்தது என்று பிள்ளையிடம் கேட்கவும் வேண்டும்.

பதிவுக்கு வருகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் போதும், ஒன்பது பேர் இருக்கிறீர்கள். துணைவிதிகளை எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், அப்புறம் வருடாவருடம் பொதுக்குழு, கணக்கு எல்லாம் உண்டு. ஊரார் பணம் கைக்கு வந்துவிட்டதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், இப்போதே ரசீதும் நோட்டும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பகலில் பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது உண்டா? இரவில் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள்.
(ஓர் ஆசிரியை, மேலூர்)

பதில்: இருக்கிறது டீச்சர், அதுவும் செலவே இல்லாமல். மதுரை வட்டாரத்தில் ஏப்ரல் 16ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 27ஐ ஒட்டியும் சூரியன் உச்சி வேளையில் நேர் தலைக்கு மேல் வரும். நேரம் 12 மணி அல்ல, சுமார் 12.17. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி, மட்டமான தரையில் 1 மீட்டர் கம்பியைச் செங்குத்தாக நிறுத்துங்கள், நிழல் சுருங்கிச் சுருங்கிக் கம்பியின் காலடியில் மறைந்துவிடும். அதே ஏப்ரல் நாளில் சென்னையில் உச்சி வேளையில் இதே கம்பிக்கு 5 செ.மீ.க்குச் சற்று மேல் நிழல் இருக்கும். அங்கே ஒரு பள்ளியைப் பிடித்து அளக்கச் சொன்னால், இரண்டு ஊருக்கும் உள்ள வடக்கு தெற்கு தூரத்தை வைத்துப் பூமியின் சுற்றளவையே எட்டாம் வகுப்புக் கணக்கில் போட்டுவிடலாம். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் மத்தியான நிழல் தெற்கே விழும், ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1972இல் தொடங்கிய இந்திய வானியல் சங்கத்தின் மக்கள் தொடர்புக் குழு ஒவ்வோர் ஊருக்கும் இந்தத் தேதியைச் சொல்லும் செயலி வைத்திருக்கிறது.

கேள்வி: கிரகணத்தன்று கர்ப்பிணிகள் வெளியே வரலாமா?
(வாசகி, சோழவந்தான்)

பதில்: வரலாம் அம்மா. சூரியனிலிருந்து அன்று புதிதாக எதுவும் வருவதில்லை, நிலா மறைப்பதால் வெளிச்சம் குறைகிறது, அவ்வளவுதான். வெறும் கண்ணால் பார்ப்பதுதான் ஆபத்து, எக்ஸ்ரே பிலிமும் கரி பூசிய கண்ணாடியும் காப்பாற்றாது. அதற்கென்று தரச்சான்று பெற்ற கண்ணாடி வேண்டும், இல்லாவிட்டால் வேப்பமரத்தடிக்குப் போய்த் தரையைப் பாருங்கள், இலை இடுக்கில் விழும் ஒவ்வொரு ஒளிப்பொட்டும் கடித்த அப்பம் மாதிரி இருக்கும். 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை மாலை நம் பக்கம் பகுதிச் சூரிய கிரகணம் தெரியும். அன்று பிள்ளைகளை வகுப்பறையில் வைத்துக் கதவைச் சாத்தாமல் மரத்தடிக்குக் கூட்டிப் போகும்படி உங்கள் ஊர்த் தலைமையாசிரியரிடம் இப்போதே பேசி வையுங்கள்.