மாசி முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் உங்களுக்குப் பிடித்தவை என்னென்ன? நம் ஊரில் வசந்தம் என்று ஒன்று உண்டா?

கேள்வியைப் பார்த்துவிட்டு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கீழே ஒரு வரி விளக்கம் போட்டிருக்கிறீர்களே, "சிவராத்திரி முடிந்தால் நேரே அடுப்புக்குள் போகிற ஊர் நம்முடையது, அதில் ரசிக்க என்ன இருக்கிறது, யாராவது சொல்லுங்கள்" என்று, அது கொஞ்சம் சுட்டுவிட்டது. நீங்கள் வெளிநாட்டிலோ மலைப் பக்கமோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மதுரையில் உட்கார்ந்துகொண்டு யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். வெயிலைத் திட்டுவார்கள், அது வேறு.

எனக்கு ஏன் சுட்டது என்றால், நான் பெங்களூருக்கு வந்து 14 வருடம் ஆகிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் இளஞ்சிவப்பாகப் பூத்த தபேபுயா மரப் படங்களாக வந்து விழும். அதோடு ஒருவர் தவறாமல் என்னை இழுப்பார். "உங்க ஊர்ல மூணே சீசன்தானே? சூடு, ரொம்ப சூடு, தாங்க முடியாத சூடு." எல்லோரும் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். நானும் போடுவேன். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டரில் உட்கார்ந்துகொண்டு, 100 மீட்டரில் இருக்கிற ஊரைக் கிண்டல் செய்வது சுலபம். இத்தனைக்கும் அந்த மரமே மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. மரம் பாவம், அதன் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

நம் முன்னோர் வருடத்தை ஆறாகப் பிரித்தபோது சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். இதைச் சொன்னால் உடனே ஒருவர் வந்து, அக்னி நட்சத்திரமே சித்திரை 21-இல் தொடங்கி வைகாசி 14 வரை போகிறது, அதுவா உங்கள் வசந்தம் என்பார். நியாயம்தான். பட்டியல்படி பங்குனி பின்பனியில் வருகிறது. மதுரையில் பங்குனியில் பனியைப் பார்த்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும். எங்கள் அப்பத்தா கணக்கில் சிவராத்திரியோடு பனி "சிவசிவா" என்று போய்விடும். அன்றிலிருந்து சித்ரா பௌர்ணமி வரைதான் எனக்கு வசந்தம். அதுவும் நாள் முழுக்க இல்லை. காலை ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை, அப்புறம் சாயங்காலம் ஆறரைக்கு மேல். நடுவில் இருப்பது வெயில், அதை நான் வசந்தம் என்று யாரிடமும் விற்கவில்லை.

ரோட்டில் தார் ஊற்றுகிறவரிடம் போய் இதைச் சொல்வாயா என்று கேட்க ஒருவர் இந்நேரம் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். சொல்ல மாட்டேன். என் அப்பா லேத் பட்டறையில் தகரக் கூரைக்கு அடியில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். வெயில் என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் கீழே சொல்லப்போவதில் பாதி அவர் வேலை விட்டு வந்த பிறகு நடந்ததுதான்.

சரி, பிடித்தவற்றுக்கு வருகிறேன். முதலிடம் மாவடுவுக்கு. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் ரொம்பத் தள்ளித்தான்.

பங்குனி பிறந்ததும் அழகர்மலை வடு என்று சொல்லிக்கொண்டு கூடைக்காரம்மா தெருவுக்கு வருவார். எடை கிடையாது, படியில் அளப்பார். அளக்கும்போது படியின் விளிம்பில் கையை வைத்து அணைகட்டி, கோபுரமாக ஏற்றித் தருகிறாரா என்று அம்மா குனிந்து பார்ப்பாள். எங்கள் வீட்டுக்கு உருண்டை வடுதான், நீள வடு ஆகாது. காம்பை முழுக்கக் கிள்ளக் கூடாது, ஒரு துளி விட்டு வைக்க வேண்டும். கழுவி, வேட்டித் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, எட்டுக்கு ஒன்று கணக்கில் கல்லுப்பு. கடுகுப் பொடி, மஞ்சள், மிளகாய்த்தூள். அந்த நேரத்தில் நாங்கள் பக்கத்தில் போனால் அம்மா முதலில் கையைத்தான் தடவிப் பார்ப்பாள். "ஈரக் கையோட வராதடி."

போட்ட பிறகு தினமும் ஜாடியைக் குலுக்குவது என் வேலை. இதைத்தான் சொல்ல வேண்டும் என்று வந்தேன். முதல் நாள் குலுக்கினால் கடகடவென்று கூழாங்கல் சத்தம். மூன்றாம் நாள் உப்பு நீர் விட்டு, சத்தம் கொஞ்சம் மங்கும். ஐந்தாம் நாள் சளக் சளக் என்று தண்ணீரும் வடுவும் சேர்ந்து ஒரு சத்தம் வரும். அம்மா அடுப்படியில் இருந்தபடியே அதைக் கேட்டு, "இன்னும் ரெண்டு நாள்" என்பாள். மூடியைத் திறந்து பார்க்க மாட்டாள். அந்த இரண்டு நாள் கழித்துத் திறந்தால் வடு எல்லாம் அப்பத்தா கன்னம் மாதிரி சுருங்கிக் கிடக்கும், கடுகு நெடி மூக்கில் ஏறும். பழைய சோற்றில் மோரை ஊற்றி, அந்த உப்பு நீரையும் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்து, வடுவைக் கடித்தால் உள்ளே கொட்டையும் சேர்ந்து மெத்தென்று வந்துவிடும். பங்குனி மாதக் காலை ஏழு மணி எனக்கு இதுதான்.

மாவடு இன்னார் வீட்டுச் சமாச்சாரம் என்று பின்னூட்டத்தில் ஆரம்பிக்க வேண்டாம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் போட்டார்கள், எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்புக்கும் தொட்டுக்கொண்டோம். சேருமா என்று கேட்டால் சேராது, ஆனால் தொட்டுக்கொண்டோம்.

போன வருடம் பெங்களூரில் நானே போடலாம் என்று கிளம்பினேன். சித்தி மகனிடம் சொல்லி இரண்டு படி வாங்கி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். தம்பி நல்ல பையன், ஆனால் பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி அனுப்பிவிட்டான். ராத்திரி முழுக்க பஸ் டிக்கியில் வியர்த்து, காலையில் நான் பிரிக்கும்போது பாதி வடு பழுப்படித்திருந்தது. அன்றே கொட்டியிருக்க வேண்டும். மனசு வரவில்லை, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டேன். ஆபீஸ் போகிற அவசரத்தில் சரியாகத் துடைத்தேனா என்பது எனக்கே சந்தேகம். நான்காம் நாள் மேலே நுரை. ஆறாம் நாள் வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். வீட்டுக்காரர், "கடையில அரைக் கிலோ பாட்டில் கிடைக்குதே" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இரண்டு நாள் பேசவில்லை.

இதில் அந்த ஜாடி பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, பீங்கான் ஜாடி, மூன்று படி வடு பிடிக்கும். அம்மா போனபோது பிரிப்பதற்கு எங்களிடம் நகை, நிலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாத்திரங்கள்தான். நான் பெங்களூரிலிருந்து காரியத்துக்கு வந்து, பதினாறாம் நாள் முடிந்ததும் கிளம்ப வேண்டியிருந்தது. "ஜாடியை எடுத்து வைங்க அண்ணி, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அடுத்த தடவை போனபோது ஜாடி அண்ணி வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நின்றது. அதில் பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூ. நான் பூவைப் பார்த்தேன், அண்ணி என்னைப் பார்த்தார். "நல்லா இருக்குல்ல?" என்றார். என்ன சொல்வது, "நல்லா இருக்கு அண்ணி" என்றேன். ஆறு வருடம் ஆகிறது. அண்ணி வேறு எல்லா விஷயத்திலும் தங்கமானவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அண்ணனும் இந்தத் தளத்தில் இருக்கிறார்.

அப்புறம் மொட்டை மாடி. அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் குளிப்பதற்கு முன்னால் நாலு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேலே போவார். முதல் குடம் ஊற்றும்போது தளத்திலிருந்து கொதிக்கிற ஆவி எழும், சுட்ட செங்கல் மாதிரி ஒரு வாசனை. இரண்டாவது குடத்தைத் தளம் குடித்துவிடும். நான்காவதுதான் நிற்கும். அதை விளக்குமாறால் தள்ளிவிட்டு, எட்டு மணிக்குப் பாய் விரித்தால் முதுகுக்கு அடியில் வெதுவெதுப்பு, முகத்தில் காற்று. அந்த நேரத்துக்கு அம்மா தலையில் இருக்கிற மல்லி விரியும். சாயங்காலம் மொட்டாக வாங்கி வைத்தது. மார்கழியில் பனி விழுந்து வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகிற அதே மல்லி, பங்குனி பிறந்தால் வரத்து கூடி விலை இறங்கிவிடும். அந்த மாதங்களில் மட்டும் அம்மா முழம் கணக்குப் பார்க்க மாட்டாள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நல்லது. எங்களுக்கு அதற்கு முன்னாலேயே தெரியும்.

விடிகாலை மூன்று மணிக்கு லேசாகக் குளிரும். யாராவது அப்பத்தாவின் பழைய சேலையை மேலே போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஐந்து மணிக்குக் குயில் ஆரம்பிக்கும், தூங்க விடாது. இப்போது நான் இருக்கிற அடுக்குமாடியில் மொட்டை மாடிக்குப் பூட்டு. பாதுகாப்புக் காரணமாம். வடாம் பிழிந்து காயவைக்கக்கூட சங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதினேன், பதில் வரவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். கொடுக்காப்புளி, சிவப்பு ஓடினதாகப் பார்த்து, தொண்டை அடைத்தாலும் பரவாயில்லை என்று தின்பது. மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னலுக்கு வருகிற வெள்ளரிப்பிஞ்சு, உப்பு மிளகாய்ப்பொடி வைத்து. நுங்கைத் தோலோடு கட்டைவிரலால் நோண்டி உறிஞ்சுவது (கடையில் உரித்து டப்பாவில் போட்டுத் தருகிறார்கள், அது எனக்கு நுங்கில்லை). புங்க மரம் இலை உதிர்த்து, பத்து நாளில் கண் கூசுகிற பச்சையாகத் துளிர்ப்பது. இளஞ்சிவப்பு மரத்தைப் படம் எடுக்கிறவர்கள் இந்தப் பச்சையை ஒரு தடவை பார்க்க வேண்டும். வேப்பமரத்தடியில் சேலையை விரித்துவைத்துப் பூ சேர்ப்பது. வருடப் பிறப்பன்று மாங்காய், வெல்லத்தோடு அந்தப் பூவையும் போட்டுப் பச்சடி.

கடைசியாக அழகர். ஆற்றில் இறங்குவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முதல் நாள், மலையிலிருந்து வருகிற அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை. மூன்றுமாவடியில் ஆரம்பித்துத் தல்லாகுளம் வரை ராத்திரி முழுக்க ஊரே வெளியில் இருக்கும். செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி அம்மா நிற்பாள். தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள் போகும்போது நாங்கள் வேண்டுமென்றே முன்னால் போய் நனைவோம். நீர்மோர், பானகம், எவ்வளவு குடித்தாலும் யாரும் காசு கேட்க மாட்டார்கள். 2020-லும் 2021-லும் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. அந்த இரண்டு வருடமும் நான் இங்கே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பழைய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தம் இல்லாத வருடம் வேண்டுமானால் அவற்றைச் சொல்லலாம்.

இந்த வருடமும் சித்தி மகன் இரண்டு படி அனுப்பினான். மஞ்சப்பையில், வாயைக் கட்டாமல். லீவு போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஜாடி இல்லாததால் பெரிய கண்ணாடி பாட்டிலில் போட்டிருக்கிறேன். இன்று ஐந்தாம் நாள். நுரை இல்லை, வடு சுருங்குவது வெளியிலிருந்தே தெரிகிறது. காலையில் குலுக்கிப் பார்த்தேன், கண்ணாடியில் அந்தச் சத்தம் வரவில்லை. இன்னும் இரண்டு நாளா, மூன்று நாளா என்று திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.